மூன்றாம் ஆளின் கால்வார்

இந்தத் துளைகள் ரெமியுடையவை அல்ல. தன்னுடையவையும் அல்ல. ஜெனோவா கொட்டகையின் கீற்று நிழலில் குந்தி உட்கார்ந்து, பாய் கட்டிக் கடலில் சறுக்குகிற பலகையின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். கண் தப்பாகச் சொல்லலாம், ராத்திரி முழுக்க விமானத்திலும் காலையிலிருந்து பேருந்திலும் விழித்திருந்த கண், விரல் தப்பாகச் சொல்லாது. பலகையின் பின்பாதியில் நான்கு வார்கள், காற்றில் ஓடும்போது கால் நழுவாமல் நுழைத்துக்கொள்ள, முன்னங்காலுக்கு இரண்டு, பின்னங்காலுக்கு இரண்டு, எந்தப் பக்கம் காற்று வந்தாலும் ஒரு ஜோடி உதவும். ஒவ்வொரு வாருக்கும் விளிம்பையொட்டி ஒரு வரிசைத் துளை, உள்ளே தள்ளி இன்னொரு வரிசை. அவள் புருஷன் ரெமி கனத்த ஆள், அவன் வார்கள் விளிம்பில், கடைசித் துளையில் இருக்கும், கால் பாதி பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுபோல. அவளுடையவை உள்வரிசையில், நெருக்கமாக, ஒரு சின்ன மனுஷி நிற்கிற அகலத்தில். இப்போது வார்கள் உள்வரிசையில்தான் இருந்தன. ஆனால் முன்வார்கள் இன்னும் முன்னால் போயிருந்தன, பின்வார்கள் பின்னால். உடம்பில் கனம் இல்லாத, ஆனால் கால் நீளமான ஒருத்தர். ஒருத்தர் என்று ஏன் நினைக்க வேண்டும், ஒருத்தி என்றே நினைக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள். கவிழ்த்துப் பார்த்தாள். பலகையின் அடியில் அவளுடைய செட்டை மாட்டியிருந்தது. ஃபின் என்று ரெமி வேலை பார்க்கும் கடல் விளையாட்டுப் பள்ளியில் சொல்வதை மீன் செட்டை என்றே அவர்கள் இரண்டு பேரும் சொல்லிப் பழகியிருந்தார்கள், அது வீட்டு வார்த்தை. ரெமியின் செட்டை நீளம், வாள்மீன் மாதிரி. அவளுடையது குட்டை. அந்தக் குட்டைச் செட்டையை யாரோ போட்டு ஓட்டியிருக்கிறார்கள், ஓரத்தில் புதிதாகக் கல் உரசிய வெள்ளைக் கீறல். திருகாணிகள்கூடப் புதுசு, துரு ஏறாமல் பளபளவென்று, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

நாளைக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தாள். வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் விடுப்பு ஒரு நாள் முன்னாலேயே கிடைத்துவிட்டது, சொல்லாமல் போய் நிற்கலாம் என்று ஓமானில், சலாலா விமான நிலையத்தில் தோன்றிய ஆசை மதுரையில் இறங்கும்வரை உடம்பெல்லாம் குறுகுறுத்துக்கொண்டிருந்தது, மண்டபம் தாண்டி ஊர் விலக்கில் இறங்கி, உப்புக்காற்று முகத்தில் அடித்ததும் அழுகையே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு பிலோமி அக்காதான் கெடுத்தாள். சாவி வாங்கப் போனவளைக் கட்டிக்கொண்டாள், முகத்தைத் தடவினாள், பிறகு ரெமி எப்படி இருக்கிறார் என்று சும்மா கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு, அவன் வந்து சொல்லுவான் புள்ள, நான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான் என்றாள். என்ன சத்தியம் என்று கேட்டதற்கு உலையில் அரிசி இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். உலையில் அரிசி இருக்கும்போது பிலோமி அக்கா தெருமுனைவரை போய் ஊர்க்கதை பேசிவிட்டு வருகிறவள். ஜெனோவா வீட்டுக்குள் பெட்டியை வைத்தாள். குளிக்கவில்லை. வீடு சுத்தமாக இருந்தது, அதுவும் சரியில்லை, ரெமி தனியாக இருந்தால் வீடு இப்படியா இருக்கும். கொல்லைக் கதவைத் திறந்தாள், கொட்டகைக்கு வந்தாள். மனிதர்களைக் கேட்பதைவிடப் பலகையைப் பார்ப்பது மேல் என்று கால் தானாக வந்தது. வந்த இடத்தில் இது.

கல்யாணமான வருஷம் இரண்டு பருவம் இங்கே தங்கிய ஒரு பிரெஞ்சுக்காரர் போகும்போது விட்டுப்போன பலகை. ரெமி அப்போதுதான் கடல் விளையாட்டுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பள்ளியில் எத்தனையோ பலகை, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், இது மட்டும் வீட்டுக்கு வந்தது. எங்கள் பலகை. அவன்தான் கற்றுக்கொடுத்தான். முதலில் இடுப்பளவுத் தண்ணீரில், சுடிதாரோடு, கரையில் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிக்க, விழுந்து விழுந்து, மூக்கிலெல்லாம் உப்பு, பிறகு ஒரு நாள் விழவில்லை. அவ்வளவுதான், விழவில்லை, பாய் காற்றை வாங்கிக்கொண்டது, பலகை தண்ணீரைவிட்டு மேலே எழும்பிச் சறுக்கியது, அடியில் தடதடவென்று ஒரு சத்தம், அவள் தன் பெயரை மறந்தாள். ஒரே பலகை, இரண்டு உடம்பு. அவன் போய்விட்டு வந்ததும் மணலில் கவிழ்த்துப் போட்டு நீளச் செட்டையைக் கழற்றிக் குட்டையை மாட்டுவான், நிமிர்த்தி வைத்து அவள் வார்களை உள்ளே மாற்றுவாள். செட்டையை மட்டும் மாற்றினால் போதாதா என்று ஆரம்பத்தில் கேட்டதற்கு அவன் சிரித்து, போதும்னா போய்ப் பாரு என்றான். போனாள். நீளச் செட்டை வேகம் ஏற ஏறப் பலகையைத் தூக்கப் பார்க்கும், அதை அமுக்க விளிம்பில் கனமாக நிற்க வேண்டும், உள்ளே நின்ற அவளை ஓரத்தோடு தூக்கிக் கவிழ்த்துப் போட்டது. குட்டைச் செட்டையோடு அவன் விளிம்பில் நின்று உதைத்தால் அது தண்ணீரில் பிடியை விட்டுவிடும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், ஆள் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். செட்டை எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்குத்தான் கால் தள்ளி நிற்கலாம். அன்றைக்கு அவள் தலையைத் துவட்டிக்கொண்டே அவன் அதைச் சொன்னான், அவன் கை காதுமடலில் பட்டது, ஈரக் கை, உப்பில் சொரசொரத்த கை. அந்தக் கை. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அந்தக் கையை நினைத்துக்கொண்டு விடுதியின் இரும்புக் கட்டிலில் எத்தனை தடவை புரண்டு படுத்திருக்கிறாள், மேல்கட்டிலில் கொல்லத்துப் பெண் குறட்டைவிட. அந்தக் கை யாருக்கு வார் கட்டியது.

திருப்புளி எங்கே என்று பார்த்தாள். அது வழக்கமான இடத்தில், தகரக் குவளையில்தான் இருந்தது. மாற்றிவிடுவோம். யாருடைய கால் என்று தெரியாத இந்த வார்களை முதலில் கழற்றிவிடுவோம், அவனுடைய இடத்தில் கொண்டுபோய் வைப்போம், விளிம்பில், கடைசித் துளையில். அவன் வந்து பார்க்கட்டும். பார்த்ததும் முகம் எப்படிப் போகிறது என்று தான் பார்க்க வேண்டும். இல்லை, அதற்காக இல்லை. அவன் இந்தப் பலகையில் போவதைப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான், பாயை ஒரு பக்கம் சாய்த்து, முதுகு தண்ணீரைத் தொடுகிற மாதிரிப் படுத்துக்கொண்டு, பெரிய உடம்பு அப்படி லேசாகிவிடுகிற அதிசயத்தை. முதல் திருகாணி சுலபமாக வந்தது. இரண்டாவது மணல் கடித்து நின்றது. கச்சான் காற்று கீற்றைப் புரட்டிப் புரட்டிப் போட்டது. தென்மேற்கிலிருந்து வருகிற காற்று, ஆனியில் ஆரம்பித்தால் ஆவணி தாண்டியும் நிற்காது. இதே காற்றுத்தான் சலாலாவில் மலையெல்லாம் தூறலாகத் தொங்கும், கடல் கொந்தளிக்கும், குளிக்கக்கூட யாரையும் விடமாட்டார்கள். பணி முடிந்து விடுதி ஜன்னலில் நின்று அந்தச் சாம்பல் கடலைப் பார்ப்பாள். அந்த அலையின் முதுகை அறுத்துக்கொண்டு ஓடுகிற காற்று அப்படியே கிழக்கே போனால் எங்கே போகும், நம் கரைக்குத்தானே போகும், அவன் பாயில்தானே போய் முட்டும் என்று நினைப்பாள். யாரிடமும் சொல்லமாட்டாள், பூகோளம் படித்தவர்கள் சிரிப்பார்கள். ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தால் காற்று மறுபக்கம் அதிர்வது தெரியும். ஒரு தடவை அதை அவனிடம் போனில் சொன்னாள். லைன் சரியில்லை என்றான்.

லைன். எப்போதும் லைன். முதல் வருஷம் படத்தோடு பேசினான், முகம் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும், மூக்கு மட்டும் தெரிகிறது ரெமி, தள்ளிப் பிடிங்க என்று சிரிப்பாள். அப்புறம் டவர் சரியில்லை, படம் வேண்டாம், குரல் போதும். குரலும் பாதியில் நிற்கும். போனைத் தள்ளி வைப்பான், வாயைப் பொத்துகிற மாதிரி ஒரு சத்தம், திரும்பி வந்து, சொல்லு என்பான். யாரைப் பேசாதே என்று கை காட்டினான். ஒரு பண்டிகைக்குப் படம் அனுப்பினான், தாடி. நிறைய தாடி. உங்களுக்கு இது நல்லாத்தான் இருக்கு என்று எழுதினாள், யாருக்காக வைத்த தாடியோ. இன்னொரு படம், பள்ளி ஆட்கள் எல்லாரும் கரையில் நிற்பது, அதில் ரெமி ஓரத்தில் பாதிதான் தெரிந்தான், நடுவில் தொப்பி போட்ட ஒரு பெண். உயரமான பெண். கால், ஆமாம், நீளமான கால். திருப்புளி நழுவி விரலைக் கீறியது. ஜெனோவா விரலை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை, தொப்பிதான் வந்தது, தொப்பியின் கீழே நிழல். பாவம், யாரோ, விடுமுறைக்கு வந்தவளாக இருக்கும். சலாலாவுக்கு நீ போ என்றது ரெமிதானே. நர்ஸ் படித்துவிட்டு வீட்டில் எத்தனை காலம் மீன் கழுவுவே, உனக்கு ஆசை இருக்கு, எனக்குத் தெரியும், போ என்றான். ஆசை இருந்தது. அது பொய்யில்லை. வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு ஒரு வார்டில் பொறுப்பாக நடக்கிற ஆசை, சிஸ்டர் என்று கூப்பிட்டால் திரும்புகிற ஆசை. போனாள். ரெண்டரை வருஷம். அங்கே நடந்துகொண்டே இங்கே இருந்தாள். ஒரு மனுஷன் ரெண்டரை வருஷம் குரலோடு மட்டும் குடித்தனம் பண்ண முடியுமா. தன்னால் முடிந்ததே. தன்னால் முடிந்தது என்பதற்காக அவனாலும் முடிய வேண்டுமா. முடிய வேண்டும். ஏன் முடியக் கூடாது.

கடைசி வாரும் விளிம்புக்குப் போய்விட்டது. வாரின் அளவையும் பெரிதாக்கினாள். ஒட்டுப்பட்டையைப் பிய்த்துத் தளர்த்தி, ரெமியின் அகலப் பாதத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கையை உள்ளே விட்டு விரித்துப் பார்த்தாள். அந்தப் பாதம் கைக்கு நினைவிருந்தது. கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல் நீளம், குதிகாலில் ஒரு பிளவு, சிப்பி கிழித்த தழும்பு. சங்கோஜமாக இருந்தது, இல்லாத பாதத்தைத் தடவுவது. கவிழ்த்து, குட்டைச் செட்டையைக் கழற்றி நீளச் செட்டையை எடுத்தாள். அது சாக்குத்துணியில் சுற்றிச் சுவரில் செருகி வைத்திருந்தது. துணியில் தூசி. தூசியைப் பார்த்துக் கொஞ்சம் நின்றாள். அவன் செட்டையை அவன் தொடவே இல்லை என்றால் அவன் ஓட்டுவதே இல்லையா. வேறு யாருக்கோ கொடுத்துவிட்டுக் கரையில் நின்று பார்க்கிறானா, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தன்னைப் பார்த்த மாதிரி. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது, வேறெதையும்விட. செட்டையைப் பள்ளத்தில் சொருகினாள், ஆணியைத் திருக ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் நிறைந்து ஆணியின் தலை இரண்டாகத் தெரிந்தது, எதில் திருப்புளியை வைப்பது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் வைத்தாள்.

கொல்லைப் படல் கிறீச்சிட்டது. அவள் நிமிரவில்லை. குனிந்த தலைக்கு எதிரே மணலில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல் நீளம். பாதம் அதுதான். ஆனால் அதன் மேலே கணுக்கால் எலும்பு தனியாகத் துருத்திக்கொண்டிருந்தது, கெண்டைக்கால் என்று ஒன்று இருந்த இடத்தில் ஒரு கம்பு, முழங்கால் மூட்டு பெரிதாக, காற்சட்டை காற்றில் உள்ளே யாரும் இல்லாததுபோல் படபடத்தது. ஒரு நர்ஸின் கண் அவளுக்குள் எங்கோ தூங்கிக்கொண்டிருந்தது, அது விழித்தது. அவள் இன்னும் மேலே பார்க்கவில்லை, அதற்குள் அந்தக் கண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. தாடி. படம் வேண்டாம் என்றது. பாதியில் தள்ளிவைத்த போன், வாயைப் பொத்துகிற சத்தம். இருமல். எத்தனை மாசம் அந்த இருமலைக் கேட்டிருக்கிறாள், இருமல் என்று தெரியாமல்.

“நாளைக்குன்னுதானே சொன்னே” என்றான் ரெமி.

குரல் மட்டும் பழைய குரல். அவள் எழுந்தாள். அவன் சிரிக்கப் பார்த்தான், கன்னம் குழிந்தது. தோள்கள் இரண்டும் சட்டையைத் தாங்கிப் பிடிக்கிற கொம்பு மாதிரி நின்றன. உயரமான, கனமில்லாத ஒருத்தர்.

“நெஞ்சுச் சளியா” என்றாள். “டி.பி.யா?”

தலையை ஆட்டினான்.

“மாத்திரை நடுவுல விட்டீங்களா?”

இல்லை என்றான். ஒரு நாள்கூட விடவில்லை, பிலோமி அக்கா கஞ்சியோடு நின்று விழுங்கவைத்துவிட்டுத்தான் போவாள், பங்குனியோடு முடிந்தது, படம் எடுத்துப் பார்த்துச் சுத்தமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள், உடம்புதான் ஏறமாட்டேன் என்கிறது. பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களை ஒரு வாக்கியத்தில் சொல்லித் தாண்டினான். மாதாகோயில் திருவிழாவுக்கு வெளியூர் போயிருக்கிறேன் என்று அவளிடம் போனில் சொன்னானே, அந்த நாட்கள். ஜெனோவா அப்போது ஐந்தாம் மாடியில் யாரோ ஒரு கிழவருக்குத் தலையணையைத் தூக்கி வைத்து, மூச்சை இழுங்கள், மெல்ல விடுங்கள் என்று அவள் கற்ற அரபியில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் குணமாகிப் போனபோது அவளுக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவள் பெருமையாக அதைப் படமெடுத்து ரெமிக்கு அனுப்பினாள். நல்லாயிருக்கு, நல்லாச் சாப்பிடு என்று பதில் போட்டிருந்தான். எந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு போட்டானோ.

“ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் நான் பார்த்தேன்” என்றாள். “யார் யாருக்கோ பார்த்தேன் ரெமி.”

“சொன்னா நீ வந்துருவே. வந்தா திரும்பப் போகமாட்டே. எனக்குத் தெரியாதா உன்னை.”

அவள் அவனை அடிக்கக் கை ஓங்கினாள் என்றுதான் அவளே நினைத்தாள். கை போய் அவன் மார்பில் உட்கார்ந்தது. விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது, மூச்சு இரண்டு பக்கமும் சமமாக ஏறி இறங்குகிறதா என்று பார்த்தது. ஏறி இறங்கியது. பழைய ரெமியை அவள் இப்படித் தொட்டதே இல்லை, அவனிடம் தொட எலும்பே கிடையாது. ரெண்டரை வருஷமாக எந்த உடம்புக்காக ஏங்கினாளோ அது இந்தக் கொல்லையில் இல்லை. அது அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் எப்போதோ போய்விட்டது, அவள் ஜன்னலில் கை வைத்து நின்ற ஏதோ ஒரு நாளில். அதற்காக அழுவதா, மிஞ்சி வந்து நிற்கிறவனுக்காகச் சந்தோஷப்படுவதா என்று புரியாமல் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொத்தான் ஒன்று மாற்றித் தைத்திருந்தது, பிலோமி அக்கா தைத்ததாக இருக்கும். அந்தப் பொத்தானைத் தான் தைக்கவில்லை என்பது நெஞ்சில் போய்ச் சிக்கிக்கொண்டது. நகரவில்லை.

அவன் குனிந்து பலகையைப் பார்த்தான். விளிம்புக்கு அடியில் தெரிந்த வார்களைப் பார்த்தான், நீளச் செட்டையைப் பார்த்தான். எல்லாம் புரிந்துபோனது முகத்தில் தெரிந்தது, அவள் என்ன நினைத்து மாற்றினாள் என்பதுகூட. யாருடையது என்று நினைத்தே என்று கேட்டான். இந்தப் பெரிய செட்டை இப்போது என்னைத் தூக்கி எறிகிறது ஜெனோ என்றான், மே மாசம் போட்டுப் பார்த்தேன், நிற்கவே முடியவில்லை, அதனால்தான் உன்னுடையதைப் போட்டுக்கொண்டேன், உன்னிடம் கேட்காமல் எடுத்துவிட்டேன். கடைசியில் சொன்னதை மன்னிப்புக் கேட்கிற மாதிரியே சொன்னான், மறைத்த மற்றதையெல்லாம் விட்டுவிட்டு.

காற்று ஏறிக்கொண்டிருந்தது. பனைகளின் தலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. ஜெனோவா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். குந்தி உட்கார்ந்து நீளச் செட்டையைக் கழற்றித் தள்ளி வைத்தாள். நிமிர்த்திப் போட்டதும் செட்டை இல்லாத பலகை மணலில் தட்டையாகப் படுத்தது.

“ஏறி நில்லுங்க” என்றாள்.

எதற்கு என்றான். நில்லுங்கள் என்றாள் மறுபடியும், வார்டில் சொல்கிற குரலில். அவன் ஏறி நின்றான், கைகளைப் பாயைப் பிடிக்கிற மாதிரி முன்னால் நீட்டி, முழங்காலை மடக்கி, காற்றைப் பார்த்து. முன்பு அவன் எடை மணலில் பலகையை அழுத்திப் பதியவைக்கும். இப்போது மேலேயே நின்றது. அவன் பாதம் இயல்பாக எங்கே விழுகிறதோ அங்கே விரலால் கோடு போட்டாள். முன்கால் அவன் வைத்திருந்த துளையில் இல்லை, ஒன்று பின்னால் தள்ளியிருந்தது, அவசரத்தில் யாராலும் தனக்குத்தானே சரியாகப் பார்க்க முடியாது. திருகாணிகளை எடுத்தாள், உள்வரிசையில் மாற்றினாள், ஒவ்வொன்றாக முடுக்கினாள். இப்போது எதுவும் மணல் கடிக்கவில்லை. வாருக்குள் அவன் பாதத்தை நுழைத்துப் பார்த்தாள். அவள் பெரிதாக்கி வைத்த வாரில் அது கணுக்கால்வரை வழுக்கிக்கொண்டு போயிற்று. இப்படி ஆழமாகப் போனால் விழும்போது கால் சிக்கிக்கொள்ளும், பலகை ஒரு பக்கம் புரள எலும்பு முறியும். இதைப் போட்டுக்கொண்டு அவன் கடலுக்குள் போயிருந்தால். பட்டையை இழுத்து இறுக்கினாள், விரல்களின் கணு மட்டும் வெளியே தெரிகிற அளவுக்கு. குதிகாலில் அந்தப் பிளவு இருந்தது. தழும்பும் இருந்தது, சுருங்கிய தோலில் முன்னைவிடப் பெரிதாக. உள்ளங்கையால் அந்தப் பாதத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அவள் தலையில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. சொரசொரப்பு இல்லை, நோயாளியின் மெத்தென்ற கை.

இன்றைக்கு நீ போ, நான் பார்க்கிறேன், உனக்கும் ஆசையாக இருக்குமே என்றான். ஆசையாகத்தான் இருந்தது, காற்றைக் கேட்டதிலிருந்து உள்ளங்கால் ஊறிக்கொண்டிருந்தது. நாளைக்கு எனக்கு, இன்னைக்கு உங்களுக்கு என்றாள். இரண்டு பேருமாகப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாரம் முக்கால்வாசி அவளிடம்தான் இருந்தது, அவனுக்கு அது தெரியாத மாதிரி நடந்தாள்.

தண்ணீர் ஓரத்தில் குட்டைச் செட்டையை மாட்டிக்கொண்டு, சின்னப் பாயோடு அவன் ஏறினான். முதலில் தடுமாறினான். அவள் முழங்கால்வரை இறங்கிவிட்டாள், அதற்குள் பாய் காற்றை வாங்கிக்கொண்டது. முன்கால் வாருக்குள் போனது, பின்கால் போனது, பலகை எழும்பியது. பழைய மாதிரி இல்லை. முதுகு தண்ணீரைத் தொடவில்லை, அவ்வளவு சாய அவனிடம் கனம் இல்லை, நிமிர்ந்தே நின்றான், ஜாக்கிரதையாக, ஒரு புதியவன் போல. கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்களில் யாரோ அவளைப் பார்த்து எப்ப வந்தே என்று கேட்டார்கள். இப்பத்தான் என்றாள், கண்ணை எடுக்காமல். அவன் சின்னதாகிக்கொண்டே போனான், பாய் மட்டும் தெரிந்தது, பிறகு வெயில் தண்ணீரில் அடித்து எதுவும் தெரியவில்லை. கையால் நெற்றியை மறைத்துக்கொண்டாள். தெரிந்தது. திருப்புகிறான். இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை, முட்டை இருக்குமா, பிலோமி அக்காவிடம் மீன் கேட்க வேண்டும், அவளைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டும், திட்டவும் வேண்டும். சலாலாவுக்கு என்ன எழுதுவது என்று பிறகு யோசிக்கலாம். அவன் கரைக்கு வரட்டும். முதலில் சாப்பிடட்டும், வயிறு நிறைய. அதற்கப்புறம் அவனோடு சண்டை போட வேண்டும். ரெண்டரை வருஷத்துச் சண்டை இருக்கிறது, லேசில் விடப் போவதில்லை.